பகையே இல்லாமல் செய்த கெடுதல்

ஒருவர் நமக்குக் கெடுதல் செய்துவிட்டால், என்ன போயிற்று என்று கணக்குப் பார்ப்பதற்கு முன்பே மனம் வேறொரு கேள்விக்கு ஓடிவிடுகிறது. தெரியாமல் செய்தாரா, வேண்டுமென்றே செய்தாரா? கூட்டத்தில் காலை மிதித்தவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டால் வலி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. வேண்டுமென்றே மிதித்தார் என்று தோன்றிவிட்டால் அது நாள் கணக்கில் மனதில் கிடக்கிறது.

வேண்டுமென்றே என்று நாம் சொல்லும்போது அதற்குள் பகையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். வன்மம், வஞ்சம், காழ்ப்பு, குரோதம் என்று தமிழில் இதற்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. 'ரொம்ப நாளா மனசுல வச்சிருந்து பண்ணிட்டான்' என்கிறோம். ஆங்கிலேயச் சட்டம் மாலிஸ் என்று அழைப்பதை நம்மூர்த் தீர்ப்புகளும் செய்தித்தாள்களும் தீய எண்ணம், கெட்ட எண்ணம், உள்நோக்கம் என்றெல்லாம் எழுதுகின்றன. கேட்டவுடன் அங்கேயும் பகையைத்தான் தேடுகிறார்கள் என்று தோன்றும். தீர்ப்புகளை எடுத்துப் படித்தால் கதை வேறு. அவருக்கு என்ன தெரிந்திருந்தது, தெரிந்த பிறகும் ஏன் நிற்கவில்லை, அப்படிச் செய்ய நியாயமான காரணம் ஏதாவது இருந்ததா என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அவருக்கு நம்மைப் பிடிக்குமா பிடிக்காதா என்பது பல வழக்குகளில் பேச்சுக்கே வருவதில்லை.

நாமோ அன்றாடம் அந்தக் கேள்வியோடு ஆரம்பித்து அந்தக் கேள்வியோடே முடித்துக்கொள்கிறோம். இதனால் யார் தப்பிக்கிறார்கள், யார் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதைப் பார்த்தபிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்தார். ஒருநாள் அவரைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் குழுவில் தகவல் வந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு குழந்தையை அடித்துவிட்டார், அதனால்தான் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார் என்று. அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை. சீக்கிரமே பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். குழுவில் அதைப் போட்டவர் அவரோடு நன்றாகப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. வேறெங்கோ இருந்து வந்ததை அப்படியே தள்ளிவிட்டிருக்கிறார். நேரில் போய்க் கேட்டபோது நானும் கூட இருந்தேன்.

"எனக்கென்ன டீச்சர் உங்கமேல பகையா? வந்துச்சு, அனுப்புனேன். நாலு பேருக்குத் தெரிஞ்சா நல்லதுன்னுதான்."

"அனுப்புறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?"

"அதெல்லாம் யோசிக்கல."

அவர் பொய் சொல்லவில்லை. பகை நிஜமாகவே இல்லை. தன்னைப் போய் ஏன் இப்படி நிறுத்திவைத்துக் கேட்கிறார்கள் என்ற திகைப்புதான் அவர் முகத்தில் இருந்தது. அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சுற்றி இருந்தவர்கள் எல்லோரும், 'பாவம், வேணும்னு செய்யலையே, விடுங்க டீச்சர்' என்று டீச்சரைத்தான் சமாதானப்படுத்தினார்கள். ஒரு பொய்யால் பிழைப்பில் பாதியை இழந்தவர், அதை விடாமல் கேட்டதற்காகப் பெருந்தன்மை இல்லாதவர் ஆகிவிட்டார்.

ஏறத்தாழ இதே கதை 1825-இல் லண்டனில் நீதிபதிகள் முன்னால் வந்திருக்கிறது. மான்மத் என்ற ஊரில் பிரோமேஜ் என்பவரும் அவருடைய கூட்டாளியும் வங்கி நடத்தினார்கள். அந்த வங்கி பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டதாமே, உண்மையா என்று ஒருவர் பிராசர் என்பவரிடம் கேட்கிறார். ஆமாம், அப்படித்தான் எனக்குச் சொன்னார்கள் என்கிறார் பிராசர். அந்தக் காலத்து வங்கிக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. பேச்சு பரவினால் ஆட்கள் பணத்தை எடுக்க ஓடிவருவார்கள். நன்றாக நடக்கும் வங்கிகூட அதில் விழுந்துவிடும். வழக்குப் போட்டார்கள். பிராசருக்கு வங்கிக்காரர்கள்மேல் பகை இருந்ததா என்று பார்க்கச் சொல்லி ஜூரியிடம், அதாவது தீர்ப்புச் சொல்ல உட்காரவைத்த பொதுமக்கள் குழுவிடம், விட்டார் விசாரித்த நீதிபதி. பகை இல்லை என்று ஜூரி அவரை விட்டுவிட்டது.

மேல் நீதிமன்றம் அது தவறு, மறுபடி விசாரியுங்கள் என்றது. நீதிபதி பெய்லி அங்கே சொன்ன விளக்கத்தை இன்றுவரை எடுத்துக்காட்டிக்கொண்டிருக்கிறார்கள். சாதாரணப் பேச்சில் மாலிஸ் என்றால் ஒருவர்மேல் உள்ள கெட்ட எண்ணம். சட்டத்தில் அது, நியாயமான காரணமோ சாக்கோ இல்லாமல், தெரிந்தே செய்யும் தவறான செயல். முன்பின் தெரியாத ஒருவரை உயிர் போகும்படி அடித்தால், அவர்மேல் எனக்கு என்ன பகை இருக்க முடியும்? யாருடையது என்றே தெரியாத மாட்டை முடமாக்கினால்? யாருக்குச் சொந்தம் என்று தெரியாத மீன்பிடி நீரில் விஷம் கலந்தால்? இதெல்லாம் மாலிஸ்தான் என்றார் அவர். பாதிக்கப்பட்டவரின் முகத்தைக்கூட செய்தவர் பார்த்திருக்கத் தேவையில்லை.

பெய்லி விதிவிலக்கும் வைத்தார். ஒருவரை வேலைக்கு எடுக்கலாமா என்று யாராவது நம்பி நம்மிடம் கேட்கிறார்கள், நமக்குத் தெரிந்ததை நேர்மையாகச் சொல்கிறோம் என்றால் அங்கே பாதுகாப்பு உண்டு. அந்த மாதிரிச் சமயத்தில் மட்டும்தான் உள்ளே நிஜமான கெட்ட எண்ணம் இருந்ததா என்று தோண்ட வேண்டும். எனக்கு இது மிகச் சரியான ஏற்பாடு என்று படுகிறது. பேச வேண்டிய கடமை உள்ளவருக்குக் கொஞ்சம் இடம் கொடு. பொழுதுபோக்காகப் பேசுபவருக்கு 'பகை இல்லை' என்ற சாக்கைக் கொடுக்காதே.

குற்றவியல் பக்கம் வந்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. 1957-இல் தீர்ப்பான கன்னிங்ஹம் வழக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கன்னிங்ஹம் கையில் காசில்லாமல் இருந்தவன். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு குடியிருக்கப்போகும் காலி வீட்டின் நிலவறைக்குள் போய், அங்கே காசு போட்டால் ஓடும் எரிவாயு மீட்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி எடுத்தான். உள்ளே இருந்தது வெறும் 8 ஷில்லிங். குழாயை அடைக்கும் திருகு பக்கத்திலேயே, இரண்டடி தூரத்தில் இருந்தது. அதை மூடவில்லை. வாயு கசிந்து, சுவரின் இடுக்குகள் வழியாகப் பக்கத்து வீட்டுக்குள் போனது. அங்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் அவனுடைய வருங்கால மாமியார். மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்தாகிவிட்டது.

திருட்டுக்குத் தண்டனை கொடுத்தாகிவிட்டது, அதில் தகராறு இல்லை. விஷ வாயுவை 'மாலிஸோடு' செலுத்தினான் என்ற இன்னொரு குற்றச்சாட்டுதான் பிரச்சினை. மாலிஸ் என்றால் கெட்டத்தனம், செய்யக் கூடாததைச் செய்கிறோம் என்று தெரிந்தே செய்வது என்று ஜூரிக்கு விளக்கினார் விசாரணை நீதிபதி. ஜூரி குற்றவாளி என்றது. மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை ரத்தானது. திருட வந்தவன் கெட்டவன்தான், ஆனால் பொதுவான கெட்டத்தனம் இந்தக் குற்றத்துக்குப் போதாது என்றார்கள். அந்தக் குறிப்பிட்ட தீங்கை அவன் விரும்பியிருக்க வேண்டும். அல்லது அப்படி நடக்கக்கூடும் என்று அவன் மனதுக்கு எட்டியிருக்க வேண்டும், எட்டியும் எப்படியோ போகட்டும் என்று தொடர்ந்திருக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த விஷயம், கெட்டவன் என்ற முத்திரையை வைத்து எல்லாப் பழியையும் அவன் தலையில் ஏற்றாதே என்று சொன்னது. பிடிக்காத ஒருவர் ஒரு சின்னத் தப்பில் மாட்டும்போது, அதையொட்டி நடந்த எல்லாவற்றையும் அவர் திட்டமிட்டே செய்ததாக நாம் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். குடும்பத் தகராறுகளில் இதைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள்.

ஆனால் இதிலேயே ஒரு கஷ்டமும் இருக்கிறது. அப்படியானால் 'யோசிக்கவே இல்லை' என்று சொல்பவர் தப்பித்துவிடுவாரா? இதில் ஆங்கிலேயச் சட்டம் அரை நூற்றாண்டு முன்னும் பின்னும் அலைந்திருக்கிறது. 1981-இல் கால்டுவெல் என்ற வழக்கில், யாருக்கும் பளிச்சென்று தெரியும் ஆபத்தைப் பற்றி யோசிக்காமலே இருப்பதும் குற்றம்தான் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அந்த விதி போய் அமுக்கிய இடங்களைப் பார்த்தால்தான் கோளாறு தெரிகிறது. 11 வயதும் 12 வயதுமான இரண்டு பையன்கள் ஒரு கடையின் பின்புறம் செய்தித்தாள் கட்டுகளைக் கொளுத்திப் போட்டுவிட்டு, அது தானாக அணைந்துவிடும் என்று நினைத்துப் போய்விட்டார்கள். தீ கடைக்குப் பரவி ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டு நஷ்டம். பெரியவர்களுக்குப் பளிச்சென்று தெரியும் ஆபத்து குழந்தைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று தண்டித்தார்கள். 2003-இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அந்தத் தீர்ப்பையும், கூடவே கால்டுவெல் விதியையும் தூக்கி எறிந்தது. ஒருவர் மனதுக்கு எட்டாத ஒன்றுக்காக அவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று பழைய இடத்துக்கே திரும்பினார்கள்.

நான் இதை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். தண்டனை வேறு, நஷ்டத்துக்குப் பொறுப்பு ஏற்பது வேறு. 'யோசிக்கல' என்பது ஜெயிலிலிருந்து காப்பாற்றலாம், காப்பாற்றவும் வேண்டும். செய்த கெடுதலைச் சரிசெய்யும் கடமையிலிருந்து அது யாரையும் விடுவிக்காது. பெய்லி பேசியது இந்த இரண்டாவதைப் பற்றி. டீச்சர் கேட்டதும் அதைத்தான். அந்தப் பெண்மணியை யாரும் தூக்கில் போடச் சொல்லவில்லை. அதே குழுவில், 'நான் விசாரிக்காமல் போட்டது பொய், மன்னித்துவிடுங்கள்' என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். பகை இல்லை என்ற ஒரே காரணத்தால் அந்த ஒரு வரிகூடத் தேவையில்லை என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

மனதுக்கு எட்டியும் தொடர்ந்தவர் கதை வேறு. இந்தியத் தண்டனைச் சட்டத்தை 1860-இல் இயற்றியபோது, கொலைக்கு இலக்கணம் சொல்லும் இடத்தில் மாலிஸ் என்ற சொல்லையே சேர்க்கவில்லை. எண்ணம் என்ன, அறிவு என்ன என்று நேராகவே கேட்டார்கள். அதில் ஒரு எடுத்துக்காட்டு வரும். ஒருவன் எந்தச் சாக்கும் இல்லாமல் குண்டு நிரப்பிய பீரங்கியைக் கூட்டத்தை நோக்கிச் சுடுகிறான், ஒருவர் சாகிறார். யாரையும் குறிவைக்கவில்லை, யாரைக் கொல்வது என்று முன்கூட்டித் திட்டமும் இல்லை. ஆனாலும் அது கொலைதான். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதே பீரங்கி அப்படியே இருக்கிறது.

பீரங்கிக் கதை பழங்காலத்து ஏற்பாடு மாதிரி தோன்றினால், 1946-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்த மலோன் வழக்கைப் பார்க்கலாம். 17 வயதுப் பையன். ரிவால்வரில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டு, 13 வயது நண்பனின் உடம்பில் வைத்து விசையை அழுத்துகிறான். ஒருமுறை, இரண்டாம் முறை ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் முறை வெடித்தது. இரண்டு பேரும் நண்பர்கள். சண்டை கிடையாது, கோபம் கிடையாது. சுட வேண்டும் என்று நினைக்கவே இல்லை என்றான். நீதிமன்றம் அதைக் கொலை என்றே சொன்னது, மாலிஸ் இருக்கிறது என்றும் சொன்னது. பாதிக்கப்பட்டவன்மேல் வெறுப்பு அதற்குத் தேவைப்படவில்லை. விளைவு என்னவாகும் என்று நன்றாகத் தெரிந்த இடத்தில், பக்கத்தில் இருப்பவன் உயிரைப் பற்றி அக்கறையே இல்லாமல் நடந்துகொண்டது போதுமானதாக இருந்தது.

எனக்கு வெறுப்பைவிட இந்த அக்கறையின்மைதான் பயமாக இருக்கிறது. வெறுப்பவனுக்கு நம்மைத் தெரியும். அவனோடு பேசலாம், சண்டை போடலாம், ஒருநாள் சமாதானமும் ஆகலாம். எனக்கென்ன என்று இருப்பவனின் கணக்கில் நாம் இருப்பதே இல்லை.

பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றிய வழக்குகளில் இது இன்னும் நுட்பமாக வருகிறது. 1960 மார்ச் 29-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் ஒன்று வந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மாணவர்கள்மேல் நடந்த அடக்குமுறையைப் பற்றியது. அதில் சின்னச் சின்னத் தவறுகள் இருந்தன. மார்ட்டின் லூதர் கிங் கைதானது நான்கு முறை. விளம்பரம் ஏழு என்றது. மாணவர்கள் பாடிய பாட்டின் பெயர்கூட மாறியிருந்தது. அலபாமாவில் போலீஸைக் கவனித்துக்கொண்டிருந்த சல்லிவன் என்ற ஆணையர், பெயர் குறிப்பிடப்படாவிட்டாலும் அது தன்னைத்தான் குறிக்கிறது என்று வழக்குப் போட்டு, 5 லட்சம் டாலர் நஷ்டஈடு வாங்கினார். 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்தது. பொது அதிகாரி ஒருவர் தன் பணி தொடர்பான அவதூறுக்கு நஷ்டஈடு கேட்க வேண்டுமானால் 'நிஜமான மாலிஸ்' இருந்ததாக நிரூபிக்க வேண்டும் என்றது. அதற்கு அவர்கள் சொன்ன பொருள்: பொய் என்று தெரிந்தே வெளியிட்டது, அல்லது பொய்யா மெய்யா என்று கொஞ்சமும் பொருட்படுத்தாமல் வெளியிட்டது.

பெயரில்தான் பகை, பொருளில் பகை துளிகூட இல்லை. இந்தப் பெயரால் ஜூரிகள் குழம்பிப்போய், ஆசிரியருக்கு அந்த அதிகாரிமேல் கோபம் இருந்ததா என்று தேட ஆரம்பித்தார்கள். கடைசியில் 1991-இல் அதே நீதிமன்றம், ஜூரிக்கு விளக்கும்போது அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, பொய் என்று தெரிந்ததா, பொருட்படுத்தவில்லையா என்று நேராகக் கேளுங்கள் என்று அறிவுரை சொல்ல வேண்டியதாயிற்று.

சல்லிவன் வழக்கில் ஒன்று என் வாதத்துக்கு எதிராகப் போகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். விளம்பரத்தில் இருந்தது தவறு என்று காட்டும் செய்திகள் அந்தப் பத்திரிகையின் கோப்புகளிலேயே இருந்தன. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. அது கவனக்குறைவு, மாலிஸ் ஆகாது என்றுதான் நீதிமன்றம் சொன்னது. அப்படியானால் விசாரிக்காமல் அனுப்பிய பெண்மணியும் குற்றமற்றவரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதிகாரத்தில் இருப்பவரை விமர்சிக்க வேண்டுமென்றே அகலமான இடம் விட்டிருக்கிறார்கள், ஏனென்றால் அங்கே பயந்து வாயை மூடுவதுதான் பெரிய ஆபத்து. தனிமனிதர் ஒருவரின் பெயரைக் கெடுக்கும் இடத்துக்கு அந்த அகலம் கிடையாது. 1974-இல் அதே நீதிமன்றம் தனிமனிதருக்குக் கவனக்குறைவைக் காட்டினாலே போதும் என்று மாநிலங்கள் விதி வைத்துக்கொள்ள அனுமதித்துவிட்டது. நம் உச்ச நீதிமன்றம் 1994-இல் நக்கீரன் இதழ் தொடர்பான ஆர். ராஜகோபால் வழக்கில் இதையொட்டியே நின்றது. அதிகாரிகள் தங்கள் பணி குறித்து வந்த செய்தி தவறாக இருந்தாலும், உண்மையைப் பொருட்படுத்தாமல் எழுதியதாகக் காட்டினால்தான் நஷ்டஈடு கேட்கலாம் என்றது. அமைச்சர் ஒருவரைப் பற்றி எழுதுவதும் வீட்டில் டியூஷன் எடுக்கும் பெண்ணைப் பற்றி எழுதுவதும் ஒன்றல்ல.

சரி, மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நெஞ்சு நிறைய வெறுப்பு இருக்கிறது, ஆனால் செய்த காரியம் சட்டப்படி சரி. அப்போது?

1895-இல் பிக்கிள்ஸ் என்பவர் தன் நிலத்துக்கு அடியில் ஓடிய நீரைத் தோண்டித் திருப்பினார். அந்த நீர்தான் கீழே பிராட்ஃபோர்டு நகரத்தின் குடிநீர். தன் நிலத்தை நகராட்சி நல்ல விலைக்கு வாங்கவேண்டிய கட்டாயம் வரட்டும் என்பதே அவருடைய நோக்கம் என்றது நகராட்சி. செயல் உரிமைக்கு உட்பட்டதானால் நோக்கம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அவருக்கு அந்த உரிமை உண்டு என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நியாயமான செயல், மனசு கெட்டது என்பதால் அநியாயம் ஆகிவிடாது.

இது எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை, குறிப்பாக அண்டை வீடுகளில். 1893-இல் கிறிஸ்டி என்பவர் வீட்டில் இசை வகுப்பு நடந்தது. பக்கத்து வீட்டு டேவிக்குப் பொறுக்கவில்லை. வகுப்பு நடக்கும் நேரம் பார்த்துச் சுவரைத் தட்டினார், தட்டுகளை அடித்தார், விசிலடித்தார், கத்தினார். நீதிபதி தடை விதித்தார். இரண்டு பக்கமும் அப்பாவித்தனமாகச் சத்தம் போட்டிருந்தால் வேறு மாதிரி பார்த்திருப்பேன் என்றும் சொன்னார். 1936-இல் இன்னொன்று. வெள்ளி நரிப் பண்ணைக்கு அருகில் மனை விற்றுக்கொண்டிருந்த ஒருவர், பண்ணையின் பெயர்ப்பலகையை எடுக்கச் சொல்லியும் எடுக்காததால், குட்டி போடும் பருவத்தில் எல்லை ஓரமாகத் துப்பாக்கி வெடிக்கச் செய்தார். மிரண்டால் பெண் நரிகள் இனப்பெருக்கம் செய்யாது, குட்டிகளைத் தின்றும் விடும். சுட்டது தன் நிலத்தில்தான். ஆனாலும் தோற்றார். முயலைச் சுடும் அதே சத்தம், நரிகளை மிரட்டுவதற்காகவே சுடும்போது தொல்லை ஆகிவிடுகிறது. அக்கம்பக்க வாழ்க்கையில் எவ்வளவு பொறுத்துக்கொள்வது என்பதே எதற்காகச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதில் மட்டும் சாமானியர் புத்தியும் சட்டமும் ஒன்றாக நடக்கின்றன.

இன்னொரு தீர்ப்பு என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. 1974-இல் வந்த ஹாராக்ஸ் எதிர் லோ. நகர மன்றக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் எதிர்க்கட்சி உறுப்பினரைத் தாக்கிப் பேசுகிறார். மட்டுமீறிய, கண்மூடித்தனமான காழ்ப்பு அவருக்கு இருந்தது என்று விசாரித்த நீதிபதியே பதிவு செய்தார். ஆனால் தான் சொன்னது அத்தனையும் உண்மை என்று அவர் மனதார நம்பினார். அப்படி நம்பிப் பேசியவர் பாதுகாப்பை இழக்கமாட்டார் என்றது பிரபுக்கள் சபை. மனிதர்கள் யாருமே காழ்ப்பில்லாமல் யோசிப்பதில்லை. நீதிபதி மாதிரி எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்றால் சாமானியன் வாயே திறக்க முடியாது. முதலில் படித்தபோது எரிச்சலாக இருந்தது. இப்போது அது சரி என்றே நினைக்கிறேன். என்னைப் பிடிக்காதவர் என்மேல் வைக்கும் குற்றச்சாட்டும் உண்மையாக இருக்கலாம். அவருக்கு என்மேல் காழ்ப்பு என்று சொல்லிவிட்டு நான் பதில் சொல்லாமல் நழுவ முடியாது. அரசியலில் தினமும் நடப்பது அந்த நழுவல்தான். கேள்வி கேட்டவரின் உள்நோக்கத்தைப் பற்றிப் பேசிப் பேசிக் கேள்வியைக் காணாமல் அடித்துவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் மனதை யார் பார்த்தது? 1477-இலேயே பிரையன் என்ற ஆங்கிலேயத் தலைமை நீதிபதி, மனிதனின் எண்ணத்தை விசாரிக்க முடியாது, சாத்தானுக்கே அது தெரியாது என்றார். நானூறு வருஷம் கழித்து 1885-இல் நீதிபதி போவென், ஒருவர் மனநிலையும் அவருடைய ஜீரணத்தின் நிலை போல ஒரு உண்மைதான், நிரூபிப்பதுதான் கடினம் என்றார். நடைமுறையில் போவென்தான் ஜெயித்தார். நீதிமன்றங்கள் வெளியே தெரிவதை வைத்து உள்ளே போகின்றன. முன்பே எச்சரித்தும் தொடர்ந்தாரா? வழக்கமான நடைமுறையை இந்த ஒருவருக்கு மட்டும் மாற்றினாரா? எந்த நேரம் பார்த்துச் செய்தார்? தவறு என்று தெரிந்த பிறகு என்ன செய்தார்? இவற்றில் எதுவும் முகத்தைப் பார்த்துச் சொல்லும் ஜோசியம் இல்லை. வீட்டுச் சண்டையிலும் அலுவலகச் சண்டையிலும் நாமும் இதையே கேட்கலாம். பாதி வழக்கு அங்கேயே கலைந்துவிடும், மீதிப் பாதி உறுதிப்படும்.

சாமானியர்களுக்கு இந்தப் பார்வை இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜோஷ்வா நோப் என்ற தத்துவ ஆய்வாளர் 2003-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். ஒரு கம்பெனித் தலைவரிடம் புதிய திட்டம் வருகிறது: லாபம் வரும், சுற்றுச்சூழல் கெடும். 'சுற்றுச்சூழலைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, லாபம் வந்தால் போதும்' என்று தொடங்குகிறார். வேண்டுமென்றே கெடுத்தாரா என்று கேட்டதற்கு 82 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். கெடும் என்பதற்குப் பதிலாக நன்மை நடக்கும் என்று மட்டும் மாற்றி, அதே கவலையின்மையைச் சொன்னபோது, வேண்டுமென்றே நன்மை செய்தார் என்றவர்கள் 23 சதவீதம்தான். அதாவது, தெரிந்தும் பொருட்படுத்தாமல் கெடுதல் செய்தால் அது வேண்டுமென்றே செய்ததுதான் என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் தெரிகிறது. முகம் தெரியாத கம்பெனித் தலைவர் என்றால் தயங்காமல் சொல்கிறோம். நமக்குப் பழக்கமானவர், சிரித்துப் பேசுபவர் என்றால் அந்தத் தராசைக் கீழே வைத்துவிடுகிறோம்.

'நல்லெண்ணத்தில் செய்தேன்' என்பதும் இப்படித்தான். அதற்கு இந்தியச் சட்டத்திலேயே இரண்டு விளக்கம் இருக்கிறது. 1897-இன் பொது விதிகள் சட்டம், நேர்மையாகச் செய்திருந்தால் போதும், கவனக்குறைவு இருந்தாலும் அது நல்லெண்ணம்தான் என்கிறது. தண்டனைச் சட்டமோ, பழையதும் சரி புதியதும் சரி, உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதையும், நம்பிய எதையும் நல்லெண்ணம் என்று சொல்லக் கூடாது என்கிறது. நான் இரண்டாவது கட்சி. ஒரு போன் செய்து கேட்கும் அளவுக்குக்கூட அக்கறை இல்லாத இடத்தில் எண்ணம் மட்டும் எப்படி நல்லதாக இருக்க முடியும்?

பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்று பார்க்கும்போது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது எஸ்.ஆர். வெங்கடராமன் வழக்கு. அகில இந்திய வானொலியின் தலைமை இயக்குநரகத்தில் இணை இயக்குநராக இருந்த பெண்மணி. 1976 மார்ச்சில், பொதுநலன் கருதி என்ற ஒரு காரணத்தோடு அவருக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மேலதிகாரி ஒருவரின் கெட்ட எண்ணம்தான் இதற்குப் பின்னால் இருக்கிறது என்று வழக்கில் சொன்னார். அந்த அதிகாரி அரசை இப்படிச் செய்யத் தூண்டினார் என்று காட்ட ஆவணம் எதுவும் இல்லை. பகையை நிரூபித்தால்தான் நியாயம் என்றிருந்தால் அவர் கதை அதோடு முடிந்திருக்கும்.

1978-இல் உச்ச நீதிமன்றம் வேறு பக்கம் திரும்பிக் கேட்டது: இவரை அனுப்புவதற்குக் கோப்பில் என்ன இருக்கிறது? அரசின் வழக்கறிஞரே, இந்த உத்தரவை நியாயப்படுத்தக் கோப்பில் ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஒரு அதிகாரத்தை அது கொடுக்கப்படாத காரியத்துக்குப் பயன்படுத்தியிருந்தால், பயன்படுத்தியவர் நல்ல எண்ணத்தில் செய்தாரா கெட்ட எண்ணத்தில் செய்தாரா என்பது பொதுவாக முக்கியமில்லை என்று சொல்லி, உத்தரவை ரத்து செய்தார்கள். யார் யாரை வெறுத்தார்கள் என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் கடைசிவரை பதில் இல்லை. அந்தப் பதில் அவருக்குத் தேவைப்படவும் இல்லை.